கோழி கொரகொரன்னு மூச்சு விட்டா



கோழி மூச்சு விடறது நம்ம காதுக்குக் கேக்கக் கூடாதுங்க. நல்லா இருக்கற கோழி சும்மா உக்காந்திருக்கும்போது நிமிஷத்துக்கு 20, 30 தடவை மூச்சு விடும். பக்கத்துலயே உக்காந்தாலும் சத்தம் வராது, வாயைத் தொறக்காது. சத்தம் கேட்டாலோ, கழுத்தை நீட்டி வாயைப் பொளந்து மூச்சை இழுத்தாலோ உள்ள ஏதோ கோளாறுன்னு அர்த்தம்.

சித்திரை வெயில்ல மத்தியானம் எல்லாக் கோழியும் வாயைத் தொறந்து, ரெக்கையை அகட்டிட்டு நிக்கும். அது வேற. கோழிக்கு வேர்வை கிடையாது. வாய் வழியாத்தான் சூட்டை வெளிய விடோணும். நெழல்ல பச்சைத்தண்ணி வெச்சா, வெயில் தாழ சரியாயிரும். நான் சொல்லப் போறது குளுந்த ராத்திரியிலயும் நிக்காத சத்தத்தைப் பத்தி.

எங்க ஊர் காங்கேயம் பக்கம். கொறங்காட்டுப் பூமி. மாடும் ஆடும் என் கணக்கு, கோழி எங்க ஊட்டுக்காரம்மா கணக்கு. முட்டை வித்த காசு, சேவல் வித்த காசு எல்லாம் அவங்க சுருக்குப்பையிலதான் இருக்கும். அதுலதான் மகளிர் குழுத் தவணை மாசம் 1,500 ரூவா கட்டறாங்க. போன ஐப்பசியில எங்க கூட்டுல 24 உருப்படி இருந்துச்சு. 11 பெட்டை, 2 சேவல், ஆவணிக் கடைசியில பொரிச்ச குஞ்சுக 11. அந்தக் குஞ்சுகளோட தாய் ஒரு செவலைக்கோழி. அதுக்கு மூணு வயசு. 13 முட்டை வெச்சா 11 குஞ்சு எறக்கும். பருந்து வட்டம் போட்டா மொதல்ல சத்தம் குடுக்கறது அதுதான். எங்க வளவுல பாதிப் பேரு ஊட்டுல திரியறது அந்தச் செவலையோட வம்சம்.

ஐப்பசி மழை நாலு நாள் விடாமப் புடிச்சுது. ஒரு செவ்வாய்க்கெழமை ராத்திரி கூட்டை மூடப் போன ஊட்டுக்காரம்மா அங்கயே நின்னுட்டாங்க. "ஏனுங்க, இங்க வந்து கேளுங்க"ன்னாங்க. போய் நின்னேன். கொர்ர்... கொர்ர்னு, உக்காவுல தண்ணி கொப்பளிக்கற மாதிரி ஒரு சத்தம். நடுநடுவுல ஒரு தும்மல்.

ராத்திரியிலதான் இது நல்லாக் கேக்கும். பகல்ல கோழி கத்திட்டும் கெளறிட்டும் இருக்கும், மூச்சுச் சத்தம் அதுல அமுங்கிப் போயிரும். அதனால கோழி வளக்கறவங்க வாரத்துல ஒரு நாளாச்சும் ராத்திரி எட்டு ஒம்பது மணிக்கு விளக்கை அணைச்சுட்டு கூட்டுப் பக்கத்துல அஞ்சு நிமிஷம் நிக்கோணும். காசில்லாத வைத்தியப் பரிசோதனை அதுதான்.

சத்தம் கேட்டவொடனே மருந்தைத் தேடாம, மொதல்ல கோழியைப் பாக்கோணும். பாக்கறதுக்கும் ஒரு மொறை இருக்குது.

கோழியைப் புடிக்கறப்ப நெஞ்சை இறுக்கக் கூடாது. நமக்கு நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல உதரவிதானம்னு ஒரு தெரை இருக்குது, அது ஏறி எறங்கித்தான் மூச்சு போகுது. கோழிக்கு அப்படி இல்லை. அதோட நெஞ்செலும்பு அசைஞ்சாத்தான் காத்து உள்ள போகும். நெஞ்சைச் சுத்தி இறுக்கிப் புடிச்சா நல்ல கோழிக்கே மூச்சு முட்டும், சீக்குக் கோழி கையிலயே போயிரும். காலைப் புடிச்சுத் தலைகீழாத் தொங்க விடறதும் அப்படித்தான். ரெண்டு ரெக்கையும் ஒடம்போட அணைச்சு, அடியில கையைக் குடுத்து, கொழந்தையை வெச்சிருக்கற மாதிரி மடியில வெச்சுக்கோங்க.

நான் டார்ச் புடிச்சேன், ஊட்டுக்காரம்மா ஒவ்வொண்ணாப் பாத்தாங்க. மொதல்ல கொண்டை: செவப்பா இருக்குதா, நீலம் பாஞ்சிருக்குதா. அடுத்து கண்ணு: நுரை கட்டியிருக்குதா, வீங்கி மூடியிருக்குதா. மூக்கு: ஒழுகுதா, காஞ்சு அடைச்சிருக்குதா. மூஞ்சிக்கிட்ட மோந்து பாக்கோணும், கெட்ட நாத்தம் வருதான்னு. அலகைத் தொறந்து தொண்டைக்குள்ள மஞ்சப் படலம் ஏதாச்சும் ஒட்டியிருக்குதான்னு பாக்கோணும். இரைப்பையைத் தொட்டுப் பாக்கோணும், கல்லாட்டம் அடைச்சுட்டு இருந்தாலும் கோழி கழுத்தை நீட்டி நீட்டி இழுக்கும். கடைசியாப் பின்னாடி: எச்சம் பச்சையாவோ வெள்ளையாவோ தண்ணியா ஒட்டியிருக்குதான்னு.

சத்தம் வந்தது செவலைகிட்ட இருந்துதான். எடது கண்ணு ஓரத்துல சோப்பு நுரை மாதிரி இருந்துச்சு. மூக்கு ஈரம். கண்ணுக்குக் கீழ லேசா வீக்கம். தொண்டை சுத்தம். நாத்தம் இல்லை. எச்சம் நல்லா இருந்துச்சு. கழுத்து திருகல, ரெக்கை தொங்கல. குஞ்சுகள்ல ஒண்ணு ரெண்டு தும்மல் போட்டுச்சு. அந்த ராத்திரியே செவலையைத் தனியா எடுத்து, காத்துக்கு எதுத்தாப்பல இல்லாத மூலையில, மாட்டுக்கொட்டாயி ஓரமா பஞ்சாரத்துல கவுத்தோம். தண்ணிச் சட்டி தனி, தீனித் தட்டு தனி. நல்ல கோழிகளுக்குத் தீனி வெச்சு முடிச்சுட்டுத்தான் சீக்குக் கோழிகிட்டப் போகோணும், அங்க போயிட்டு இங்க வரக் கூடாது.

இந்த இடத்துல வெவரமா ஒண்ணு சொல்லிர்றேன். மூச்சுச் சத்தம்ங்கறது ஒரு சீக்கு இல்லைங்க, பல சீக்குக்கு ஒரே அறிகுறி. நாட்டுக்கோழி வளக்கறவங்க அஞ்சையாவது பிரிச்சுப் பாக்கப் பழகிக்கோணும்.

வெள்ளைக்கழிச்சல்தான் எல்லாத்துலயும் மோசம். ராணிக்கெட் நோய்ம்பாங்க. ராணிக்கெட் உத்தராகண்ட் மலையில இருக்கற ஊரு, நம்ம நாட்டுல அங்கதான் மொதல்ல கண்டாங்க. வெளிநாட்டுல இதுக்கு நியூகாசில் நோய்னு பேரு, 1926ல இங்கிலாந்துல அந்த ஊருல கண்டதால வந்த பேரு. கோழி வாயைப் பொளந்து இழுக்கும், பச்சையும் வெள்ளையுமாக் கழியும், ரெக்கை காலு விழுந்துரும், கழுத்து முறுக்கிக்கும். இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு நாலுன்னு வேகமாப் பரவும். இது வைரஸ். வந்தப்பறம் மருந்து கிடையாது, தடுப்பூசி ஒண்ணுதான் வழி.

அடுத்தது அம்மை. கொசு கடிச்சுப் பரவும். கொண்டையிலயும் கண்ணைச் சுத்தியும் கொப்புளம் வந்தா நமக்கே தெரியும். ஆனா சில கோழிக்குத் தொண்டைக்குள்ள மஞ்சப் படலமாப் புடிச்சு மூச்சுக்குழலை அடைக்கும். அதைப் பிச்சு எடுக்கக் கூடாது, ரத்தம் வரும்.

மூணாவது கொரைசாம்பாங்க, மூஞ்சி வீக்கச் சளி. மூஞ்சியே உப்பிக்கும், கண்ணு மூடிக்கும், மூக்குச் சளி தாங்க முடியாத நாத்தம் அடிக்கும். இந்த நாத்தத்தை வெச்சே பாதி கண்டுபுடிச்சரலாம்.

நாலாவது பூஞ்சை. பூசணம் புடிச்ச வைக்கோலை அடையில போட்டாலும், நனைஞ்சு பூத்துப் போன கம்பு, மக்காச்சோளத்தைப் போட்டாலும் அந்தத் தூசு நெஞ்சுக்குள்ள போய் மொளைக்கும். குஞ்சுகளுக்குத்தான் அதிகம் வரும். கொரகொரப்பு அவ்வளவா இருக்காது, ஆனா வாயைத் தொறந்து தொறந்து மூடும்.

அஞ்சாவது நாள்பட்ட சுவாச நோய். மைக்கோபிளாஸ்மான்னு ஒரு கிருமி. கொரகொரன்னு சத்தம், தும்மல், கண்ணுல நுரை. மெதுவாப் பரவும். கோழி ஒடனே சாகாது, ஆனா எளைச்சுக்கிட்டே போகும், முட்டை கொறையும்.

செவலைக்கு இருந்தது இந்த அஞ்சாவது மாதிரின்னு எங்களுக்குத் தோணுச்சு. ஆனா வெள்ளைக்கழிச்சலும் ஆரம்பத்துல வெறும் மூச்சுச் சத்தமாத்தான் வரும். பெருசுகளுக்குப் பிப்ரவரி முகாமுல ஊசி போட்டாச்சு. குஞ்சுகளுக்கு 7ஆம் நாள் சொட்டு, நாலாவது வாரம் சொட்டு, ரெண்டும் போட்டாச்சு. எட்டாவது வாரம் போட வேண்டிய ஊசிக்கு அந்த வாரந்தான் கெடு. விடிஞ்சதும் மருந்தகத்துக்குப் போகலாம்னு முடிவு பண்ணுனோம்.

விடிஞ்சதும் மொதல்ல வந்தது கோழி யாவாரி. புதன்கெழமை ஆனா வண்டியில ரெண்டு பக்கமும் கூண்டைக் கட்டிட்டு வர்றவன். பஞ்சாரத்துல இருந்த செவலையோட சத்தத்தைக் கேட்டதும் வண்டியை நிறுத்தி எறங்கிட்டான்.

"அக்கா, சத்தம் வந்துருச்சுன்னா பத்து நாள்ல கூடே காலியாயிரும். பெருசு 13ஐயும் இன்னைக்குக் குடுங்க, 4,000 தர்றேன். அடுத்த வாரம் வந்தா நீங்களே குழி வெட்டிட்டு இருப்பீங்க."

நல்ல நாள்ல அந்த 13ம் 7,000 ரூவாய்க்குப் போகும். ஆனா அவன் சொன்னதையும் பொய்யின்னு தள்ள முடியாதுங்க. வெள்ளைக்கழிச்சல் வந்து ஒரே வாரத்துல 30, 40 கோழியைக் குழியில போட்ட ஊடுகளை நாங்க பாத்திருக்கறோம். குழுத் தவணைக்கு ஆறு நாள் இருந்துச்சு. ஊட்டுக்காரம்மா என் மூஞ்சியப் பாத்தாங்க. "உன் கோழி, உன் காசு, நீயே சொல்லு"ன்னேன்.

அவங்க அவன்கிட்ட ஒண்ணு கேட்டாங்க. "இதைக் கொண்டுட்டுப் போயி என்ன பண்ணுவே தம்பி?"

"சந்தைக்குத்தானுங்க்கா."

"அங்க கறிக்கு வாங்கறவங்களும் இருப்பாங்க, வளக்க வாங்கறவங்களும் இருப்பாங்கல்ல?"

"அதெல்லாம் நாம பாக்க முடியுங்களா அக்கா? காசு குடுக்கறவங்களுக்குக் குடுத்தர்றதுதான்."

"அப்ப வேண்டாம் தம்பி. எம்பட கூட்டுச் சத்தம் இன்னொருத்தி கூட்டுல கேக்க வேண்டாம். போய்ட்டு வா."

அவன் சிரிச்சுட்டுப் போயிட்டான். அவனைக் கொறை சொல்றதுக்காக இதை எழுதல. அவனுக்கும் வயித்துப்பொழப்பு. ஆனா நம்ம பக்கம் கோழிச் சீக்கு ஊர் விட்டு ஊர் போறது காத்துல மட்டும் இல்லைங்க, இந்தக் கூண்டுகள்லயும் போகுது. ஒரு ஊட்டுல தும்மல் கேட்டா கோழிகளை அவசர அவசரமா வித்துத் தீத்தர்றாங்க. அது சந்தைக்குப் போயி, யாரோ ஒரு அம்மா வெடைக்கோழின்னு ஆசையா வாங்கி, பத்து நாள்ல அந்த ஊர் வளவு பூராத் தும்மல் கேக்குது. வித்தவங்களுக்கு அது தெரியறதே இல்லை.

ஒம்பதரைக்கு மருந்தகத்துக்குப் போனோம். மூடி போட்ட மூங்கில் கூடையில, அடியில காஞ்ச மஞ்சி பரப்பி செவலையை வெச்சுக் கொண்டு போனோம். டாக்டரம்மா மொதல்ல கேட்டது, "எத்தனை நாளா? எத்தனை கோழிக்கு? எத்தனை செத்துச்சு? கடைசியா எப்ப ஊசி போட்டீங்க?" இந்த நாலுக்கும் பதில் சொல்லத் தெரியோணும். காலண்டர்ல குறிச்சு வெச்சிருந்தது அங்க ஒதவுச்சு. பாத்துட்டு, "நாள்பட்ட சுவாச நோய் மாதிரித்தான் தெரியுது, ஆனா அஞ்சு நாள் பாக்கோணும். எது செத்தாலும் பொதைக்காம ஒடனே எடுத்துட்டு வாங்க, அறுத்துப் பாத்தாத்தான் உறுதி"ன்னாங்க.

தண்ணியில கலக்கற மருந்து அஞ்சு நாளைக்குக் குடுத்தாங்க. என்ன மருந்து, எவ்வளவுன்னு நான் இங்க எழுத மாட்டேன். ஒவ்வொரு கூட்டுக்கும் கோழி எடை, வயசு பாத்து டாக்டர் சொல்றதுதான் அளவு. ஆனா குடுக்கற மொறையைச் சொல்றேன். காலையில புதுசாக் கலக்கோணும், நேத்துக் கலக்குனது மிச்சமிருந்தா கொட்டிரோணும். மருந்துத் தண்ணி வெக்கற அன்னைக்கு மத்த சட்டி, மாட்டுத் தாழி, வாய்க்கால் எதுலயும் கோழி தண்ணி குடிக்காமப் பாத்துக்கோணும், இல்லைன்னா மருந்து உள்ள போகாது. ரெண்டு நாள்ல சத்தம் கொறைஞ்சாலும் அஞ்சு நாளும் குடுத்து முடிக்கோணும். டவுன் மருந்துக்கடையில நமக்குன்னு வாங்குன ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பாதி ஒடைச்சு வாயில போடறது நம்ம ஊர்ல சகஜம். அதை விட்டுருங்க. வைரஸ் சீக்குக்கு அந்த மாத்திரை ஒண்ணும் பண்ணாது, கிருமிச் சீக்குக்கு அரைகுறையாப் போட்டா கிருமி மருந்துக்குப் பழகிக்கும்.

முட்டை விஷயம் முக்கியம். மருந்து குடுக்கற நாளும், அதுக்கப்பறம் டாக்டரம்மா சொன்ன நாளும் சேத்து 12 நாள் முட்டையை நாங்களும் திங்கல, விக்கவும் இல்லை. 36 முட்டை. ஒண்ணு 15 ரூவான்னா 540 ரூவா குப்பைக்குழிக்குள்ள போச்சு. வாடிக்கையா வாங்கற டீச்சரம்மா வந்தப்ப "கோழிக்கு மருந்து ஓடுதுங்க, மாசக் கடைசியில வாங்க"ன்னு ஊட்டுக்காரம்மா சொல்லியனுப்பிட்டாங்க.

கை வைத்தியமும் பண்ணுனோம். துளசி, தூதுவளை, கற்பூரவல்லி, ரெண்டு மொளகு, சின்ன வெங்காயம் தட்டி, பழைய சோத்துல பெசஞ்சு சின்னச் சின்ன உருண்டையா வெச்சோம். பசி எடுக்கும், தெம்பு வரும். கிருமியைத் தீக்கறது அது இல்லை. ஒண்ணு மட்டும் பண்ணாதீங்க: சாறையோ எண்ணெயையோ அலகைத் தொறந்து ஊத்தாதீங்க. கோழிக்கு நாக்கு முடியற எடத்துலயே மூச்சுக்குழல் வாசல் இருக்குது. அலகைத் தொறந்து பாத்தா தொறந்து தொறந்து மூடறது தெரியும். ஊத்தறது நேரா அதுக்குள்ள எறங்கும். ஏற்கனவே மூச்சுக்குத் தவிக்கற கோழி அதுலயே போயிரும். சீக்குல செத்துச்சுன்னு நாம நெனைச்சுக்குவோம்.

கூட்டையும் மாத்துனோம். மழைச்சாரல் அடிக்குதுன்னு நாலு பக்கமும் கட்டியிருந்த தார்ப்பாயியை ரெண்டு பக்கம் மேல பாதி தூக்கி விடச் சொன்னாங்க டாக்டரம்மா. அடியில சாரலும் அடிக்கக் கூடாது, மேல காத்தும் போகோணும். ஈர எச்சத்துல இருந்து வர்ற அமோனியா நெடி கோழியோட மூச்சுக்குழலை அரிச்சுரும், அப்பறம் எந்தக் கிருமியும் சுளுவா ஏறும். இதைக் கண்டுபுடிக்கக் கருவி வேண்டாம். கோழி உக்கார்ற ஒசரத்துக்குக் குனிஞ்சு ஒரு நிமிஷம் மூச்சு விட்டுப் பாருங்க. உங்க கண்ணு எரிஞ்சா கோழிக்கும் எரியுது. நனைஞ்சதை அள்ளிப் போட்டுட்டு, காஞ்ச நெல் உமியும் தேங்கா மஞ்சித்தூளும் பரப்புனோம்.

மூணாவது நாள் இன்னும் ரெண்டு பெட்டைக்குச் சத்தம் வந்துச்சு. நாலாவது நாள் செவலை உருண்டையைக் கொத்தித் தின்னுச்சு. ஆறாவது நாள் காலையில ஒரு குஞ்சு செத்துக் கெடந்துச்சு. ஊட்டுக்காரம்மா ஒண்ணும் பேசல. யாவாரி சொன்ன பத்து நாள் அவங்க மனசுல ஓடுதுன்னு எனக்குத் தெரியும். எனக்கும் அதேதான் ஓடுச்சு.

குஞ்சைப் பையில போட்டு, ஒடனே எடுத்துட்டுப் போனேன். டாக்டரம்மா கையுறை போட்டு அறுத்துக் காட்டுனாங்க. கோழிக்கு நுரையீரல் மட்டும் இல்லைங்க, ஒடம்புக்குள்ள 9 காத்துப்பை இருக்குது, வயித்துக்குள்ள வரைக்கும். நல்ல கோழிக்கு அது கண்ணாடித்தாளாட்டம் தெளிவா இருக்குமாம். இதுல மங்கிப் போயி, தயிர்க்கட்டியாட்டம் வெள்ளையா ஒட்டிட்டு இருந்துச்சு. அப்பறம் முன் இரைப்பையைப் பொளந்து காட்டி, "வெள்ளைக்கழிச்சலா இருந்தா பெரும்பாலும் இங்க ரத்தப்புள்ளி தெரியும். இதுல இல்லை பாருங்க"ன்னாங்க. எனக்கு அப்பத்தான் நெஞ்சு எறங்குச்சு. ஒரு குஞ்சு போச்சு, ஆனா மிச்சம் 23க்கும் என்ன சீக்குன்னு அது சொல்லிட்டுப் போச்சு.

ஒம்பதாவது நாள் செவலைக்குச் சத்தம் நின்னுருச்சு. மத்த ரெண்டுக்கும் அதுக்குள்ளயே அடங்கிருச்சு. வேற சாவு இல்லை. குஞ்சுகளுக்கு வர வேண்டிய எட்டாவது வார ஊசியை, "சீக்கா இருக்கறப்ப போடக் கூடாது, தெளியட்டும்"னு ரெண்டு வாரம் தள்ளி, 10 குஞ்சுக்கும் போட்டாங்க. தவணைக்கு அந்த மாசம் ஒரு மூட்டை தேங்காயை வித்துக் கட்டுனோம்.

இதோட முடிஞ்சிருந்தா நல்ல கதைங்க. ஆனா டாக்டரம்மா கடைசியா சொன்னதுதான் எங்களுக்குக் கஷ்டமா இருந்துச்சு. "சத்தம்தான் போச்சு, கிருமி போகாது. தேறுன கோழி அதைச் சொமந்துக்கிட்டேதான் இருக்கும். மழை, குளிரு, எடம் மாத்தறதுன்னு எது வந்தாலும் திரும்பத் தலை தூக்கும். முட்டை வழியாக் குஞ்சுக்கும் போகும். இந்தக் கூட்டு முட்டையை அடை வெக்காதீங்க, கோழியையும் குஞ்சையும் யாருக்கும் வளக்கக் குடுக்காதீங்க. கெடு முடிஞ்சு கறிக்குக் குடுக்கலாம், முட்டையைத் திங்கலாம், அதுல தப்பில்லை."

தையில எங்க மகளுக்கு ஒரு கோழியும் குஞ்சுகளும் தர்றதா இருந்தோம். மக ஊடு பல்லடம் பக்கம். பொறந்த ஊட்டுக் கோழின்னா பொண்ணுகளுக்கு ஒரு இது. "அம்மா, செவலையோட குஞ்சுதான் வேணும்"னு சொல்லி வெச்சிருந்தா. ஊட்டுக்காரம்மா போன் பண்ணி வெவரத்தைச் சொன்னாங்க. "இப்ப நல்லா இருக்குதில்லம்மா, அப்பறம் என்ன?"ன்னு கேட்டா. "நல்லா இருக்குது கண்ணு. ஆனா உன்ற மாமியாளோட 15 கோழி இருக்குதில்ல"ன்னாங்க. அந்தப் பக்கம் பேச்சு இல்லை. அப்பறம், "சரிம்மா, அடுத்த வருசம் பாக்கலாம்"னா.

மார்கழியில செவலை அடைக்கு உக்காந்துச்சு. முட்டை இல்லாத கூடையில, வெறும் மஞ்சி மேல, ரோமத்தைச் சிலுத்துட்டு உக்காந்துருச்சு. கிட்டப் போனா கொத்த வந்துச்சு. அடை தெளிய வெக்கோணும்னா அடியில காத்துப் போற கம்பிக் கூண்டுல, படுக்கை எதுவும் இல்லாம மூணு நாலு நாள் வெக்கோணும், தீனியும் தண்ணியும் தாராளமா வெச்சு. நாங்களும் அதைத்தான் பண்ணுனோம். நாலு நாளும் ஊட்டுக்காரம்மா அந்தப் பக்கமே போகல, தீனி வெச்சது நான்தான்.

இப்ப எங்க திட்டம் இதுதான். வர்ற ஆடிக்குள்ள பழைய கோழிகளை ஒண்ணொண்ணாக் கறிக்குத் தீத்தர்றது. வாங்கறவங்ககிட்ட வளக்கறதுக்கு இல்லைன்னு சொல்லித்தான் குடுக்கறோம், அதனால கிலோவுக்கு 20, 30 கொறையுது. கொறையட்டும். அப்பறம் கூட்டைச் சுரண்டிக் கழுவி, சுண்ணாம்பு அடிச்சு, வெயில் காய விட்டு, ஒரு மாசம் சும்மா போடோணும். இந்தக் கிருமி கோழி ஒடம்புக்கு வெளிய ரொம்ப நாள் தாங்காது. அதுக்கப்பறம் சீக்கில்லாத எடத்துல இருந்து புதுக் குஞ்சு எறக்கலாம். எங்க இருந்து வாங்குனாலும் மூணு நாலு வாரம் தனியா வெச்சு, ராத்திரியில காது குடுத்துக் கேட்டப்பறம்தான் கூட்டத்தோட சேக்கறது.

உங்க கூட்டுல சத்தம் கேட்டா, ஒண்ணு மட்டும் கொரகொரங்குதா, இல்லை ஒரே நாள்ல பல கோழி கொண்டை கறுத்துத் திடீர்னு சாகுதான்னு பாருங்க. பின்னதுன்னா தொடாதீங்க, அறுக்காதீங்க, தூக்கிட்டு அலையாதீங்க. அது பறவைக் காய்ச்சலாவும் இருக்கலாம், கால்நடை மருத்துவருக்குப் போன் பண்ணி அவங்களை வரச் சொல்லுங்க. கால்நடை ஆம்புலன்சுக்கு 1962. எந்தச் சீக்கா இருந்தாலும் கோழியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமக் கண்ணைத் தொடாதீங்க, வெள்ளைக்கழிச்சல் கிருமி நம்ம கண்ணையும் செவக்க வெக்கும். செத்த கோழியை வாய்க்கால்ல வீசாம, நாய் தோண்டாத ஆழத்துல சுண்ணாம்பு போட்டுப் பொதைங்க.

வருசா வருசம் பிப்ரவரியில கால்நடைத் துறை புறக்கடைக் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் ஊசியை இலவசமாப் போடறாங்க. அதிகாலையில கோழி கூட்டை விட்டு எறங்கறதுக்கு முந்தி போயிட்டா புடிக்கறதும் சுளுவு. இந்தத் தடவை எங்க வளவுல 9 ஊடு சேந்து கொண்டு போனோம், போன வருசம் நாலு ஊடுதான்.

செவலை இன்னும் எங்க ஊட்டுலதான் இருக்குது. பழைய கோழிகள்ல கறிக்குப் போறதுல அதோட மொறை எப்ப வருதுன்னு நான் கேக்கல, ஊட்டுக்காரம்மாவும் சொல்லல. நாள் விட்டு நாள் முட்டை வெக்குது. அந்த முட்டை எங்க ஊட்டு அடுப்புக்குத்தான்.